விஸ்காம் வேறு, இதழியல் வேறு: ஒரத்தநாட்டு அப்பா ஒருவருக்கு

வணக்கம் சார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எழுதியிருக்கிறீர்கள். மகள் இன்ஜினியரிங் வேண்டாம், ரிப்போர்ட்டர் ஆகணும் என்கிறாள், வீட்டில் இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று. முதலில் சாப்பிடுங்கள். அவள் கேட்டது ஒன்றும் தப்பில்லை.

எதில் சேர்ப்பது என்று கேட்டு நீங்கள் அனுப்பிய மூன்று கல்லூரிகளிலும் இருப்பது விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், இதழியல் இல்லை. கேமரா, எடிட்டிங், விளம்பரம், குறும்படம் என்று போகும் படிப்பு அது. செய்தி எழுதுவது அதில் ஒரு தாளோ இரண்டு தாளோ இருக்கும், வகுப்பில் பலர் உதவி இயக்குநர் கனவோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். விஸ்காம் படித்து நல்ல நிருபர் ஆனவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்தியை வெளியில் கற்றுக்கொண்டவர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இளங்கலையிலேயே இதழியல் வேண்டாம். வக்கீல் ஆக பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், நிருபர் ஆக இந்தியாவில் எந்தப் பட்டமும் சட்டப்படி கட்டாயம் இல்லை. மூன்று வருடம் பொருளாதாரமோ புள்ளியியலோ தமிழோ படிக்கட்டும், அப்புறம் முதுநிலையில் இதழியலுக்கு வரட்டும். ஏன் என்று உங்கள் ஊர் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பு என்ற செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று எழுத, அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) என்பதும், விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அதிகாரியிடம் போய்க் கேட்கும் தைரியமும் வேண்டும். மைக் பிடிக்க ஆறு மாதத்தில் பழகிவிடலாம், இதற்கு வருடங்கள் ஆகும்.

அதனால் தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் மாதிரி ஓர் அரசுக் கல்லூரியில் முதல் பட்டம் முடிக்கட்டும். அவள் அரசுப் பள்ளி மாணவி என்று எழுதியிருக்கிறீர்கள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விகடன் நடத்தும் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு எந்தப் பாடம் படிக்கும் கல்லூரி மாணவியும் விண்ணப்பிக்கலாம். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும், லட்சங்களைக் கட்டிய பிறகு தெரிவதைவிட அது நல்லது.

முதுநிலையில் எங்கே? சென்னைப் பல்கலைக்கழக இதழியல் துறையில் எம்.ஏ. இருக்கிறது, தனியாரோடு பார்த்தால் செலவு குறைவு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்கு மன்னார்குடி வழியாக பஸ் தூரம்தான், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி ஐஐஎம்சி (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்) 1965இல் தொடங்கியது, 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, கோட்டயத்திலும் அதற்கு வளாகம் உண்டு. சென்னை ஏசிஜேயில் (ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) ஓராண்டு முதுநிலைப் பட்டயம், அதாவது டிப்ளமோ, மாணவர்களிடம் நன்றாக வேலை வாங்குவார்கள், ஆங்கிலம் நன்றாக வர வேண்டும். கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகை உண்டு, அதை இடம் கிடைத்த பிறகு கேட்காமல் விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். 2025இல் தமிழ்நாடு அரசே சென்னையில் ஓர் இதழியல் கல்வி நிறுவனம் தொடங்கியிருக்கிறது, அதுவும் ஓராண்டுப் பட்டயம்தான். ஒன்று கவனியுங்கள்: பட்டயம் வேறு, பட்டம் வேறு. பின்னாளில் நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிப் பேராசிரியர் ஆகும் எண்ணம் துளி இருந்தாலும் எம்.ஏ. பக்கம் போகச் சொல்லுங்கள்.

இல்லை, இப்போதே இதழியல்தான் என்று அவள் அடம்பிடித்தால், கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மாணவர்களே நடத்தும் லேப் ஜர்னல், அதாவது பயிற்சிப் பத்திரிகை இருக்கிறதா, கடைசி ஆறு இதழ்களைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஆண்டு விழா, சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று படமாக நிறைந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கல்லூரிக்குப் பின்தெருச் சாக்கடை பற்றி ஒரு செய்தி, அதில் வார்டு கவுன்சிலரின் பதில், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஒரு பதில் கடிதம் இருந்தால் சேர்த்துவிடுங்கள், கூரை ஒழுகினாலும் பரவாயில்லை. ஒரு கல்லூரியில் என்னை ஸ்டுடியோவைப் பார்க்க அழைத்துப் போனார்கள், சாவி வைத்திருப்பவர் லீவு என்று அரை மணி நேரம் நின்றோம், திறந்து பார்த்தால் கேமரா மேல் போட்ட பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கவில்லை. வசதி என்று கட்டணத்தில் எழுதியது அதைத்தான்!

மூன்றாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரைச் செய்தியில் போடலாமா என்று கேளுங்கள். கூடாது. ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு, குழந்தை என்றால் போக்சோ 23ஆவது பிரிவு. பிரிவு எண் தெரியாவிட்டால் போகட்டும், 'கூடாது' என்று சட்டென்று வரவில்லை என்றால் அங்கே ஊடகச் சட்டம் நடத்தவில்லை.

நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். எந்தப் பத்திரிகை, எந்த சேனல், நிரந்தரமா ஒப்பந்தமா, போன வருடம் சேர்ந்தவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். சம்பள விஷயத்தில் பொய் சொல்ல விரும்பவில்லை. முதல் சில வருடம் சென்னை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. ராத்திரி வேலை பற்றிய அம்மாவின் பயமும் நியாயம்தான், அதற்காகப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சிக்கு அனுப்பும் அலுவலகத்தில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் குழு இருக்கிறதா, இரவில் வண்டி தருகிறார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் உங்கள் பக்கம் வாய்க்கால் தூர்வாருவார்கள் இல்லையா, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய் என்று போர்டு வைத்திருந்தால் குறித்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் வாரியிருக்கிறார்களா என்று அவள் நடந்து பார்க்கட்டும். பொக்லைன் ஓட்டுநரிடமும் கரையில் வயல் வைத்திருப்பவரிடமும் பேசி 300 வார்த்தை எழுதி எனக்கு அனுப்பட்டும், திருத்த வேண்டாம். துணைக்கு நீங்கள் போங்கள் சார், கேள்வியை மட்டும் அவள் கேட்கட்டும்.