ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள்

கேள்வி: ஐயா, நான் தனியார் பள்ளி ஆசிரியை. மாலையில் வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன், இரவில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். மகன் ஐந்தாம் வகுப்பு. மாமியாருக்கு மூட்டுவலி, வாராவாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். எல்லாமே முக்கியம்தான். எதை விடுவது? உங்கள் பைக் பயணக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். அந்த அனுபவத்திலிருந்தே ஒரு வழி சொல்லுங்களேன்.
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: சொல்கிறேன், சகோதரி. கொல்லிமலை உங்களுக்குப் பக்கம்தான். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். ஓட்டுபவரின் நிதானம் இறக்கத்தில்தான் தெரியும். (பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.)

வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது. காரணம் டயர். ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடிமானத்தைத்தான் வண்டி திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கு போட்டுக்கொள்கிறது. சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தால், இரண்டுக்கும் போதாமல் டயர் வழுக்கிவிடும்.

உங்கள் மாலைப்பொழுதும் அவ்வளவுதான். ட்யூஷன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, மகனும் நோட்டை நீட்டிய பிறகு, ‘இன்றைக்குப் படிக்க முடியுமா?’ என்று யோசிக்கத் தொடங்கினால், கோபம்தான் வரும். அந்த முடிவை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எடுத்துவிடுங்கள். ட்யூஷன் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றால் பெற்றோரிடம் இந்த மாதக் கடைசியிலேயே சொல்லிவிடுங்கள். வருமானம் குறையும், தெரியும். அந்தக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

அப்புறம், எதை விடுவது என்று கேட்டீர்கள். எதையும் விடச் சொல்ல மாட்டேன். குறுகலான மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சாலை விதிகளிலேயே இது இருக்கிறது. ஏற்றத்தில் பாரத்தோடு வருகிற வண்டியை நிறுத்தினால், மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பின்னால் உருண்டுவிடும் அபாயமும் உண்டு. பஸ்ஸா, பைக்கா, யாருக்கு அவசரம் என்றெல்லாம் அங்கே பேச்சில்லை. ஏறுவது யார் என்பது மட்டுமே கேள்வி.

உங்கள் வீட்டில் இப்போது ஏறிக்கொண்டிருப்பது நீங்கள்தான். தேர்வுக்குப் படிக்கிறவர் பாதியில் நின்றால், திரும்பத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் உள்ளூரில் இருந்தால் பிசியோதெரபி அவர் பொறுப்பாகட்டும். அவர் அம்மாதானே! ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘முதல்நிலைத் தேர்வு முடியும்வரை நீங்கள் அழைத்துப் போங்கள்’ என்று தெளிவாகக் கேளுங்கள்.

நாளைக்கே மாமியாருக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், அந்த வாரங்களில் ஏறுகிறவர் அவர். அப்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இப்போது சமதரைதான். ராத்திரி நீங்கள் படிக்கும் மேஜையிலேயே அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.