எஸ்டிமேட்டில் ‘வலுவூட்டப்படாத’ என்று எழுதியிருந்தால் காண்ட்ராக்டருக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: ஏற்காட்டில் சரிவான மனையில் 18 லட்சம் ரூபாய் கொடுத்து வீடு கட்டினோம். ஐப்பசி மழையில் தடுப்புச் சுவரும் வீட்டுச் சுவரும் விரிசல் விட்டன. ‘வலுவூட்டப்படாத கட்டு’ என்ற எஸ்டிமேட்டில் நான் கையெழுத்திட்டதால் தனக்குப் பொறுப்பில்லை என்கிறார் காண்ட்ராக்டர். வழக்குத் தொடர முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட் நகலில் அந்தச் சொல் தடுப்புச் சுவருக்கான வரியில் மட்டுமே இருக்கிறது. வீட்டுச் சுவருக்கோ ‘செங்கல் கட்டு, லிண்டல் மட்டத்தில் ஆர்.சி.சி. பெல்ட்’ (கதவு, ஜன்னல்களுக்கு மேல் சுவர் நெடுக ஓடும், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை) என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

‘வலுவூட்டப்படாத’ என்றால் வலுவற்றது என்று நீங்கள் பொருள் கொண்டிருக்கிறீர்கள். கட்டுமானத்தில் அதற்கு, உள்ளே இரும்புக் கம்பி வைக்காமல் கல், செங்கல், கலவை ஆகியவற்றின் பலத்திலேயே நிற்பது என்பதே பொருள். அத்தகைய கட்டுக்கென்றே ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தர விதி 1987-இல் திருத்தி வெளியிடப்பட்டிருக்கிறது. ஆகவே தடுப்புச் சுவரில் கம்பி இல்லை என்ற புகார் நிற்காது. அதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஆனால் கம்பி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டவர், கலவையில் சிமென்ட்டைக் குறைக்கவோ, மண்ணில் ஊறும் நீர் வெளியேறத் துளை விடாமல் கட்டவோ சம்மதித்தவராக மாட்டார். கம்பியில்லாத சுவர் தன் எடையாலும் அடி அகலத்தாலும்தான் மண்ணைத் தாங்குகிறது என்பதால், மலைச்சரிவில் நீர் தேங்கி அழுத்தும்போது இந்தக் குறைகளே அதைச் சாய்த்துவிடும். துளைகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

வீட்டுச் சுவரில் பெல்ட் போடவில்லையென்றால் அது நேரடியான ஒப்பந்த மீறல். 2002-ஆம் ஆண்டின் நிலநடுக்கத் தர விதி சேலத்தை, மிதமான நிலநடுக்க ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்திருந்தது. சுவர்களை ஒன்றாகப் பிணைக்கும் அந்தப் பெல்ட்டை அலங்காரம்போல் விட்டுவிட முடியாது.

பூச்சு வேலை எதையும் தொடங்குவதற்கு முன் தேதியுடன் படம் எடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் அறிக்கை பெறுங்கள்; சுவரை உடைக்காமலேயே கம்பி இருக்கிறதா என்று கண்டறியும் கருவி அவர்களிடம் உண்டு. பிறகு, குறைகளைச் சரிசெய்யக் கோரிப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். தடுப்புச் சுவரையும் பெல்ட்டையும் அதில் தனித்தனிக் குறைகளாகவே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால், அந்த ஒரு சொல்லைக் காட்டியே எதிர்தரப்பு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும்.