முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

தனியாக ஊர் சுற்றப் போகும்போது நான் தங்கிய சின்னச் சின்ன வாடகை ஃபிளாட்டுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேலத்தையும் ஏற்காட்டையும் பற்றியவை. சேலம் 31 வருடமாக நான் குடியிருக்கும் ஊர். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 56 வயது. கணவர் இல்லை. ஏற்காட்டைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மகன் ‘டூர் பஸ்ஸில் போங்கம்மா’ என்கிறான். எனக்கோ என் இஷ்டத்துக்கு எழுந்து, என் கையால் சமைத்துச் சாப்பிட்டு, ஐந்து நாள் இருக்க வேண்டும். மலைமேல் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை. சேலத்தில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்துக்கொண்டு தினமும் மேலே போய் வரலாமா? எதைப் பார்த்து எடுப்பது?
*— வாசகி, நாகர்கோவில்*

தாராளமாக வாருங்கள் சகோதரி. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் இறங்கி வரலாம். இடையில் ஒரு நாள் மலை வேண்டாம் என்று வீட்டிலேயே கிடக்கலாம். ஐந்து நாள் தங்குவதில் அதுதான் சுகம்.

எங்கள் அழகாபுரம் கட்டடத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட்டை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நான் முதல் மாடி. நான்கு வருடமாக அங்கே வந்து தங்குகிறவர்கள் என் கதவைத் தட்டி என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிவி ரிமோட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை, வைஃபையைக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்திருப்பார்கள். மற்ற எல்லாரும் கேட்பது தண்ணீர்தான். “அக்கா, குழாய்ல வரலை, மோட்டார் சுவிட்ச் எங்கே?” “ஆன்ட்டி, இந்தத் தண்ணி குடிக்கலாமா?”

எங்கள் சமையலறைகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. போன தை மாதம் திருச்சியிலிருந்து வந்து தங்கிய ஒரு பெண் குக்கரைத் தூக்கிக்கொண்டே கீழே இறங்கி வந்துவிட்டாள். ஏழு விசில் விட்டிருக்கிறாள். துவரம்பருப்பு போட்டது போட்டபடி விறைத்துக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவளுக்குக் கோபம். என் குடத்திலிருந்து இரண்டு சொம்பு காவிரித் தண்ணீரைக் கொடுத்து, அதே பருப்பில் இன்னொரு பிடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். நான்கு விசிலில் மசிந்தது. வீட்டுக்காரர் இரண்டு குழாய்க்கும் மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும். நான் சொன்ன பிறகு ஒட்டினார்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள்: சமைக்க எந்தத் தண்ணீர், குடிக்க எது, மேல்தொட்டி தீர்ந்தால் மோட்டார் போடுவது யார்? நேராகப் பதில் சொல்கிறவர் வீட்டை நம்பி எடுக்கலாம். “அதெல்லாம் பிரச்சினையே இல்லைம்மா” என்று மட்டும் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேறொரு ஊரில், வேறொருவர் ஃபிளாட்டில், விடிகாலை ஐந்தரை மணிக்குத் தலையில் சீயக்காயோடு நிற்கும்போது குழாய் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரில்தான் தலையை அலசினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பையைக் கீழே வைப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்க்கிறேன். ஒரு வாளி பிடித்து மூலையில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்புறம் மாடி. சேலத்து ஏப்ரல், மே வெயிலை நாகர்கோவிலை வைத்து எடை போடாதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்றால் பகலில் குடித்த சூட்டையெல்லாம் நடுராத்திரி வரை இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிவிடும். வாடகை நூறு, இருநூறு குறைவாகத் தெரிகிற ஃபிளாட்டுகளில் பல இந்தக் கடைசி மாடிதான். மேலே இன்னொரு வீடு இருக்கிறதா, லிஃப்ட் உண்டா, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கம் என்றால், உங்களுக்கு அஸ்தம்பட்டி, அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் சரிப்படும். குடும்பங்கள் இருக்கிற தெருக்கள், ராத்திரி எட்டு மணிக்கும் மருந்துக்கடையும் இட்லிக்கடையும் திறந்திருக்கும். புதுப் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மெய்யனூரில் வாடகை சல்லிசு. ஆனால் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தால் தூக்கம் போச்சு. ரயிலடி சூரமங்கலத்தில் இருக்கிறது. ஒரே ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது வசதி, உங்களுக்கு வேண்டாம்.

அஸ்தம்பட்டியில் எடுத்தாலும் ஏற்காடு பஸ்ஸை அங்கே நின்று பிடிக்காதீர்கள். பஸ் அந்த வழியாகத்தான் வரும், ஆனால் உட்கார இடம் இருக்காது. 20 கொண்டை ஊசி வளைவையும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஏறுவது நம் வயசுக்கு ஆகாது. டவுன் பஸ்ஸில் புதுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கேயே ஏறி முன்பக்கமாக உட்காருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வயிறு புரட்டுகிற உடம்பாக இருந்தால் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, காய்ந்த நெல்லிக்காய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். போகிற வழியில் ரோட்டோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு வரும். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. இப்போது அந்த வளைவுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டும்போது என் கண் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

மேலே ஏரியும் அண்ணா பூங்காவும் கிட்டக்கிட்ட இருக்கின்றன, நடந்தே பார்த்துவிடலாம். லேடீஸ் சீட்டுக்கும் நடக்கலாம். ஏற்றம் இருக்கிறது, நிதானமாகப் போங்கள். பகோடா பாயிண்டுக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் ஆட்டோ வைத்துக்கொள்ள வேண்டும். போய்வரக் கூலியும் காத்திருக்கும் கூலியும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும். கிளியூர் அருவிக்கு மழைக்காலம் முடிந்த கையோடு வந்தால்தான் தண்ணீர் இருக்கும்; மே மாதத்தில் வந்து பாறையைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், இறங்கி ஏறும் படிகளும் முழங்காலைக் கேட்கும்.

சனி, ஞாயிறைச் சேலத்துக்குள்ளேயே கழியுங்கள்: சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், சாயங்காலம் ஒரு தட்டுவடை செட். மலைக்குத் திங்கள் முதல் வெள்ளிக்குள் போங்கள். மேலே இறங்கியதும் முதல் வேலையாகக் கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முந்தின பஸ்ஸில் திரும்புங்கள்.

சமைக்கக் காய்கறிக்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கீரை இருக்காது. ஃபிளாட்டில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான் வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டு அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக ஒன்று எடுத்து வாருங்கள்.

நான் சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் வருகிறேன். விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடுவேன். ஃபிளாட் சாவி பகல் 12 மணிக்குத்தான் என்கிறார் உரிமையாளர். முந்தின நாள் வாடகையையும் கொடுத்தால் காலையிலேயே தருவாராம். இது நியாயமா?
*— வாசகர், சென்னை*

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முந்தின ஆள் காலி செய்து, பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்ற ஒருவர்தான் இருப்பார். எங்கள் மாடிக்கு வருகிற அம்மா ஒன்பது மணிக்கு முன்னால் வர மாட்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதனால் சண்டை வேண்டாம். “முந்தின நாள் யாரும் தங்கவில்லை என்றால் எட்டு மணிக்குத் தருகிறீர்களா?” என்று கேளுங்கள். பாதி வாடகைக்குச் சம்மதிக்கிறவர்கள் உண்டு.

இல்லையென்றால் ஜங்ஷனிலேயே பயணிகள் தங்கும் அறையில் குளித்துவிட்டு, பையைப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டுப் போங்கள். பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள், டிக்கெட்டையும் கேட்பார்கள். ஒரு சின்னப் பூட்டு கையோடு இருக்கட்டும். நேராக ஏற்காடு பஸ் பிடித்துவிட்டால் காலைப் பனியையும் பார்த்த மாதிரி ஆச்சு.

எனக்கு 26 வயது. வேலை விஷயமாகச் சேலத்தில் நான்கு நாள் தங்க ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினேன். தனியாக வருகிறேன் என்று தெரிந்ததும் ‘ஃபேமிலிக்கு மட்டும்தான்’ என்று முதல் நாள் ராத்திரி ரத்து செய்துவிட்டார்கள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.
*— வாசகி, கோயம்புத்தூர்*

நீ ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு. கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. கணவர் போன பிறகு முதல் முறை தனியாகக் கிளம்பியபோது எனக்கும் இதே பதில் கிடைத்தது. அப்போது எனக்கு 50 வயது. “கூட யாரும் வரலையாங்க?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு இல்லை என்றார்கள். ஒரு பெண் தனியாக வந்தால் ஏதோ கேள்விக்குரிய விஷயம் என்று நினைப்பதை முதலில் நிறுத்த வேண்டியவர்கள் வீடு வைத்திருக்கிறவர்கள்தான். அதை அவர்களுக்காகவும் இங்கே அச்சில் எழுதுகிறேன்.

முன்பணத்தை முழுதாகத் திருப்பி வாங்கு, ரத்து செய்தது அவர்கள். ஆப் வழியாகக் கட்டியிருந்தால் அதிலேயே புகார் கொடு, தொலைபேசிப் பேச்சோடு விடாதே. அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் ‘நான் ஒருத்திதான் வருகிறேன், நான்கு ராத்திரி’ என்று எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே சரி என்று வாங்கிக்கொள். முடிந்தவரை வீட்டுக்காரக் குடும்பம் அதே கட்டடத்தில் இருக்கிற ஃபிளாட்டாகப் பார். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இறக்கிக் கொடு. உள்ளே போனதும் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு, தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார். எண் போட்டுத் திறக்கும் பூட்டு மட்டும் இருந்து உள்தாழ்ப்பாள் இல்லையென்றால் அங்கே தங்காதே. அந்த எண் உனக்கு முன்னால் எத்தனை பேருக்குத் தெரியுமோ. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. இரண்டையும் போனில் போட்டு வை.

சேலத்துக்கு மறுபடி வரும்போது இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுது. இடம் பார்த்துச் சொல்கிறேன்.

மலேசியக் குடிமகனான நான் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சேலம் வருகிறேன். உறவுக்காரர் வீட்டில் இடமில்லாததால் பத்து நாளைக்கு ஃபிளாட் எடுத்திருக்கிறோம். உரிமையாளர் பாஸ்போர்ட், விசா நகல் எல்லாம் கேட்கிறார். தமிழர்தானே, எதற்கு இவ்வளவு?
*— வாசகர், ஈப்போ*

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிற யாரைத் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டியது இடம் தருகிறவரின் கடமை. ஹோட்டலுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் உண்டு. கேட்கிறவர் ஒழுங்காக நடக்கிறவர் என்று எடுத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். கேட்காமல் சாவியை நீட்டுகிற வீட்டைத்தான் யோசிக்க வேண்டும்.

மே மாதம் வருகிறோம். ஃபிளாட்டில் தங்கும்போதே மல்கோவா வாங்கி ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ரயிலில் நசுங்காமல் எப்படி எடுத்துப் போவது?
*— வாசகி, மாயவரம்*

கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்குங்கள். காம்புப் பக்கம் மட்டும் லேசாக இளகி, மற்றதெல்லாம் கெட்டியாக இருக்கிற காயாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைக்கோலோ பழைய துண்டோ போட்டு, காம்பு கீழே பார்க்கிற மாதிரி ஒரே வரிசையாக அடுக்குங்கள். மல்கோவா கனமான பழம், இரண்டாவது அடுக்கு வைத்தால் அடிவரிசை கன்றிவிடும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகும். பெட்டியை ராத்திரி ஃபிளாட்டின் சமையல் மேடையில் வைக்காதீர்கள், எறும்பு வரும். நாற்காலி மேல் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். கிண்ணத்துக்குப் போர் தண்ணீரே போதும்.