லண்டன் கம்பனிக்கு வரி ரிட்டர்ன்: எந்த சொஃப்ட்வெயாரை வாங்குவது?

கேள்வி: அண்ணா லண்டனில் ஒரு வேனை வைத்து சின்ன லிமிட்டட் கம்பனி நடத்துகிறார். வெள்ளவத்தையிலிருந்து நான்தான் எக்செலில் கணக்குப் பார்க்கிறேன். இவ்வளவு காலமும் பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் தளத்திலேயே இலவசமாக ரிட்டர்ன் போட்டோம். இப்போது சொஃப்ட்வெயார் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ஓம், அந்த இலவச வசதி 2026 மார்ச் 31ஆம் திகதியோடு முடிந்தது. இனி சிடி600 என்ற கம்பனி வரி ரிட்டர்ன் படிவம் சொஃப்ட்வெயார் வழியாகத்தான் போகவேண்டும். அதற்காக மாதாமாதம் பவுண்டில் கட்டும் பெரிய பக்கேஜ் எதிலும் போய் மாட்டாதீர்கள், உங்களுக்குத் தேவை வருடத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் அனுப்பும் சின்னச் சாமான்தான். எக்செல் அப்படியே இருக்கட்டும்.

காசு கட்டமுதல் ஒன்றைக் கேளுங்கள்: கணக்கையும் வரிக் கணிப்பையும் ஐஎக்ஸ்பிஆர்எல் வடிவில் அதுவே செய்து தருமா? பிரவுசரில் திறந்தால் அது சாதாரணப் பக்கம் போலத்தான் தெரியும், ஆனால் விற்பனை, இலாபம் என்று ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் கணினி வாசிக்கும் குறி ஒன்று ஒளிந்திருக்கும். பிடிஎஃப் எடுபடாது. படிவத்தை மட்டும் நிரப்பித் தந்துவிட்டு மற்றதுக்குக் கைவிரிக்கும் சொஃப்ட்வெயார் உங்களுக்குச் சரிவராது. எச்எம்ஆர்சி தன் தளத்தில் சொஃப்ட்வெயார்ப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அதற்குள்ளேயே தேடுங்கள்.

தலையிடி முதல் வருடம்தான். புது சொஃப்ட்வெயாருக்கு உங்கள் பழைய கதை ஒன்றும் தெரியாது. போன வருட ஐந்தொகை, வேனுக்கு இன்னும் கழிக்க மிச்சமிருக்கும் தொகை, முன்கொண்டுவந்த நட்டம் எல்லாவற்றையும் நீங்கள்தான் கையால் போடவேண்டும். உதாரணமாக 4,000 பவுண்ட் பழைய நட்டம் இருந்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், இந்த வருட இலாபத்தில் 19 வீதப்படி 760 பவுண்டை சும்மா தூக்கிக் கொடுப்பீர்கள். பழைய ரிட்டர்ன்களை இறக்கி வைத்திருக்கிறீர்கள்தானே? இல்லாவிட்டால் கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் ஐந்தொகையாவது இலவசமாகக் கிடைக்கும். வரிக் கணிப்பு அங்கே இராது, எக்செலை வைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டியதுதான்.

வரி ரிட்டர்னுக்கு நவம்பர் 30 என்று இங்கே இலங்கையில் பழகிய ஆட்களுக்கு அங்கத்தைய திகதிகள் குழப்பும். கணக்கு வருடம் 2025 டிசம்பர் 31இல் முடிந்ததென்றால், கம்பனீஸ் ஹவுஸுக்குக் கணக்கு 2026 செப்டம்பர் 30க்குள், வரிக் காசு ஒக்டோபர் 1க்குள், சிடி600 டிசம்பர் 31க்குள். காசு முதல், படிவம் பிறகு, அவர்களுடைய முறை அப்படி. கம்பனீஸ் ஹவுஸுக்கு ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண்ட் தண்டம்.

அப்புறம், கம்பனீஸ் ஹவுஸுக்கு இணையத்தில் கணக்கு அனுப்பத் தேவையான அங்கீகாரக் குறியீடு கையில் இருக்கிறதா என்று அண்ணாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தொலைந்திருந்தால் புதியது தபாலில்தான் வரும், அதுவும் லண்டன் விலாசத்துக்கு. செப்டம்பர் கடைசி வாரத்தில் தேடத் தொடங்கினால் இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும்.