வீட்டிலேயே மின்சைக்கிள் கட்ட 1000 வாட் ஹப் மோட்டார் வாங்கலாமா?

48 வோல்ட் 1000 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட்டும் 20 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது, பழைய மவுண்டன் பைக்கில் மாட்டி, பினாங்கின் ஆயிர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேட்டைத் தாண்டி வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வோல்ட், அதே வாட், அதே ஆம்பியர்தான் நானும் வாங்கினேன். அதனால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. "பொம்பளைக்கு வாட்டும் வோல்ட்டும் எப்படித் தெரியும்" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 19 வருடமாக டெஸ்ட் டெக்னீஷியன் வேலை. மல்டிமீட்டர் பிடித்தே பாதி வயசு போய்விட்டது. அப்படியும் ஏமாந்தேன். காரணம், அளக்காமல் ஸ்டிக்கரை நம்பினேன்.

அப்பா பாலிக் புலாவில் தனியாக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் சோறு குழம்பு கொண்டுபோக வேண்டும். போய்வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர், நடுவில் டூன் சார்டோன் சாலை மேடு. அந்த மேட்டை ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிட்டை வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே மாட்டினேன். சமதரையில் பறந்தது. ஜெலுத்தோங் வரைக்கும் ஓட்டிப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

மேட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை, டிஸ்பிளே அணைந்துவிட்டது. இறங்கி ஓரமாக நின்றேன். இரண்டு நிமிடம் கழித்து சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, பேட்டரி பாதி இருக்கிறது என்று காட்டுகிறது. ஏறி திராட்டலை (கைப்பிடி ஆக்சிலரேட்டரை) திருகினால் நூறு அடியில் மறுபடியும் அணைகிறது. மூன்றாவது தடவை பின்சக்கரத்தின் நடுவே கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வார்னிஷ் கருகும் வாசனை வேறு. சைக்கிள், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து 30 கிலோ இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டே மேட்டின் உச்சிவரை நடந்தேன். டிபன் கேரியரில் மீன் குழம்பு சாய்ந்து பையெல்லாம் நனைந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மறுநாள் அந்தப் பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். பெட்டியோடு சேர்த்து 3 கிலோ. அங்கேயே பொய் தெரிந்துவிட்டது. கணக்கு இதுதான்: 48 வோல்ட் பேட்டரியில் 13 செல் வரிசையாக இருக்கும். 18650 அளவில் நல்ல செல் 3.5 ஆம்பியர்-அவர் தாங்கும். 20 வேண்டுமென்றால் அந்த 13 செல் ஒவ்வொன்றின் இடத்திலும் 6 செல் இணையாக வேண்டும், மொத்தம் 78 செல். ஒரு செல் 48 கிராம் என்று வைத்தாலும் செல்லே 3.7 கிலோ வரும். பெட்டி, பிஎம்எஸ் (செல்களைக் காக்க மின்சாரத்தை வெட்டும் பலகை), வயர் எல்லாம் அதற்கு மேலே. அப்புறம் 20 எங்கிருந்து வரும்?

உறுதிப்படுத்திக்கொள்ள காரின் பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு நான்கை வரிசையாகக் கோத்து, சிமெண்டுத் தரையில் வைத்து, பேட்டரியில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். 4.6 ஆம்பியர் இழுத்தது. நிஜமாகவே 20 இருந்தால் நாலேகால் மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். 1 மணி 50 நிமிடத்தில் பிஎம்எஸ் வெட்டிவிட்டது. கணக்குப் போட்டால் எட்டரைகூட வரவில்லை. மேட்டில் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 26 ஆம்பியர் கேட்கும்போது அந்தச் செல்கள் தாங்காமல் வோல்ட் சரிந்து வெட்டியிருக்கிறது. சும்மா நின்றால் வோல்ட் மீண்டும் ஏறும், டிஸ்பிளேயும் பாதி இருக்கிறது என்று காட்டும். அதை நம்பாதீர்கள்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். தராசுக் கணக்கைத் தாளில் எழுதியே எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி தாளைப் பார்க்கவே இல்லை. "அக்கா, உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, அவருகிட்ட வெளக்கிச் சொல்றேன்" என்றான். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், அவருக்கு ஃபியூஸ் மாற்றித் தருவதே நான்தான். பணம் திரும்ப வரவில்லை. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

        சரி, மோட்டாருக்கு வருகிறேன்.

1000 வாட் என்பது ஒரு ஸ்டிக்கர். மோட்டாருக்குள் உண்மையில் போகும் சக்தி, பேட்டரி வோல்ட்டைக் கன்ட்ரோலர் விடும் ஆம்பியரால் பெருக்கினால் வருவது. மேடு ஏற எவ்வளவு தேவை? ஆளும் சைக்கிளும் சாமானும் 110 கிலோ, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சாலை, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் (வினாடிக்கு 3.3 மீட்டர்) என்று வையுங்கள். 110 × 9.8 × 0.08 × 3.3 என்று போட்டால் 285 வாட் அளவுக்கு வரும். டயர் உராய்வையும் சேர்த்தால் 300 சொச்சம். அவ்வளவுதான்! பிறகு ஏன் 1000 வாட் திணறியது? கியர் இல்லாத ஹப் மோட்டார் சக்கரத்தோடு சக்கரமாகவே சுற்றும். சமதரையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகச் சுற்றப்பட்ட காயிலை 10, 12-இல் இழுக்க வைத்தால், உள்ளே போகும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதிவரைகூட வெப்பமாகிவிடும். மூடிய டப்பாவுக்குள் அந்த வெப்பம் எங்கே போகும்?

பெடல் அச்சில் மாட்டும் மோட்டார், அதாவது மிட் டிரைவ், உங்கள் சைக்கிளின் செயினையும் கியரையுமே பயன்படுத்தும். மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றும். நான் இப்போது ஓட்டுவது பாஃபாங் பிபிஎஸ்01, 36 வோல்ட், 250 வாட். ஆமாம், 250. அதே மேட்டில், அதே டிபன் கேரியரோடு, நானும் மிதித்துக்கொண்டே ஏறுகிறேன். மேலே போய்த் தொட்டுப் பார்த்தால் சூடு இருக்கும், ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்காது. பேட்டரி 10 வரிசை, 5 இணை, 50 செல், 17.5 ஆம்பியர்-அவர். வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே தராசில் வைத்தேன். 36-ஐ 17.5-ஆல் பெருக்கினால் 630 வாட்-அவர். மேட்டில் கிலோமீட்டருக்கு 15 வாட்-அவர் வைத்தால் 30 கிலோமீட்டருக்கு 450. மிச்சம் இருக்கட்டும், அடிமட்டம்வரை காலி செய்தால் செல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

"நான் மூன்று வருடமாக ஹப் மோட்டார்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நீங்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். சமதரையான பாயான் பாருவுக்குள்ளேயே சுற்றுபவருக்குக் கியர் உள்ள சின்ன ஹப் மோட்டார் நல்லது, செயினும் தேயாது. மிட் டிரைவில் செயின் சீக்கிரம் தேயும், நான் மறைக்கவில்லை. "இந்தக் காசுக்கு ஒரு பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வாங்கலாமே" என்பவர்களுக்கு: என்னிடம் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இல்லை, முட்டிவலிக்கு டாக்டர் மிதிக்கச் சொல்லியிருக்கிறார்.

சட்டத்தையும் பாருங்கள். 2022-இல் மின் ஸ்கூட்டர் போன்றவற்றைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று மலேசியப் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. மிதித்தால் உதவும் சைக்கிள் வேறு, திராட்டலைத் திருகி 45-இல் பறக்கும் வண்டி வேறு. என் வண்டி 25 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திக்கொள்ளும்.

சார்ஜரும் பேட்டரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: 36 வோல்ட்டுக்கு 42, 48 வோல்ட்டுக்கு 54.6. மாற்றி மாட்டிவிடாதீர்கள். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசல் கதவுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கும்.

பணம் குறைவாக இருந்தால் மோட்டாரைத் தள்ளிப்போட்டு முதலில் நல்ல பேட்டரியை வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் சைக்கிளின் பெடல் அச்சு போகும் குழாயின் அகலத்தை அளந்து இங்கே எழுதுங்கள். 68 மில்லிமீட்டர் என்றால் என் மோட்டார் அப்படியே ஏறும். வேறு அளவு என்றால் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.