பழைய சிபி ரேடியோவ மாட்டலாமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

இலங்கை மலையகத்துல அப்புத்தளப் பக்கம் ரொம்ப வருசமா ரேடியோ ரிப்பேர் செய்றேன், அமெச்சூர் (பொழுதுபோக்கா ரேடியோல பேசுற ஆக்களுக்கான) லைசன்ஸும் இருக்கு. சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், சாதாரண ஆக்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கிற 27 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ) பத்தி ஆளாளுக்கு கேக்குறதால இன்னைக்கி ஒக்காந்து பதில் போடுறேன். மொதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், அன்டனா மாட்டாம மைக் பட்டன அமுக்காதீங்க, செட்டு கெட்டுப்போகலாம்.

ஹட்டன் லொறிக்காரர்: அண்ணே, பழைய லொறி ஒன்னு வாங்குனேன், டேஷ்போர்டுக்கு அடியில சிபி செட்டு ஒன்னு இருக்கு. வயர் எல்லாம் அறுத்து விட்டிருக்கு. திரும்ப மாட்டுனா பிரயோசனம் இருக்கா?

தம்பி, லொறி 24 வோல்ட்டா 12 வோல்ட்டானு மொதல்ல பாருங்க. சிபி செட்டு 13.8 வோல்ட்டுக்கு செஞ்ச சாமான், 24ல நேரா குடுத்தா பொகையோட முடிஞ்சிடும், நடுவுல கன்வர்ட்டர் போடணும். சிகரெட் லைட்டர்ல இருந்து எடுக்காம பேட்டரில இருந்தே தனி வயர் இழுத்து பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் வைங்க. பிளஸ் மைனஸ் மாத்தி குடுத்தா உள்ள இருக்கிற டயோடு ஷார்ட்டாகி ஃபியூஸ் போகும், அத பாத்துட்டு பெரிய ஃபியூஸ் போடுற ஆக்கள் இருக்காங்க, அப்பறம் போர்டே கருகி நம்ம கடைக்கு வரும். முப்பது நாப்பது வருசத்து செட்டுன்னா உள்ள கெப்பாசிட்டர் காஞ்சி போயிருக்கும், அத மாத்தாம சத்தம் சரியா வராது.

பிரயோசனமானு கேட்டீங்களே, அதுக்கு நான் திருப்பி கேக்குறேன், மத்தப் பக்கம் யாரு இருக்கா? அமெரிக்காவுல லொறிக்காரங்க 19ம் சேனல்ல இருப்பாங்க, 9ம் சேனல் அவசரத்துக்குனு வச்சிருக்காங்க. இங்க ஹட்டன்ல இருந்து தலவாக்கல வரைக்கும் 19ல கூப்பிட்டுக்கிட்டே போங்க, இரைச்சல் மட்டுந்தான் பதில் சொல்லும். அதோட எந்த ட்ரான்ஸ்மிட்டரா இருந்தாலும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல லைசன்ஸ் எடுத்துட்டுத்தான் பாவிக்கணும், 1991ம் வருசத்து 25ம் இலக்கச் சட்டம். யுத்த காலத்துல இப்பிடி ஒரு செட்டு வீட்ல இருந்தா என்ன கதினு உங்கப்பாகிட்ட கேளுங்க. கேக்குறதுக்கு மட்டும் வச்சிருந்தா நல்ல பொழுதுபோக்கு, சூரியன்ல கரும்புள்ளி கூடுற வருசங்கள்ல பகல்ல வெளிநாட்டுக் கொரலெல்லாம் வந்து விழும்.

தலவாக்கல: எத்தன கிலோமீட்டர் போகும் ஐயா?

சமவெளியில வண்டிக்கு வண்டி அஞ்சி பத்து கிலோமீட்டர். நம்ம மலையில கிலோமீட்டர் கணக்கு பேசாதீங்க. அப்புத்தள டவுன் மலை முதுகுல இருக்கு, தெற்க பாத்து நின்னா ரொம்ப தூரம் போகும், அதே செட்ட முதுகுக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல எறக்கிட்டா கூப்பிடு தூரத்துல இருக்கிறவனுக்கும் கேக்காம போகலாம். 27 மெகாஹேர்ட்ஸ் அலை 11 மீட்டர் நீளம், அதனால கையடக்க செட்டவிட கொஞ்சம் வளைஞ்சி போகும். கொஞ்சந்தான்.

பதுள: பாஃபெங் கையடக்க செட்டால சிபி பேசலாமா?

முடியாது. அது 136ல இருந்து 174, 400ல இருந்து 520 மெகாஹேர்ட்ஸ். சிபி 27. அதோட இது ஏஎம், அது எஃப்எம்.

நானுஓயா: ஒரு பூஸ்டர் போட்டு 100 வாட் ஆக்குனா?

சிபியோட 4 வாட்ட 100 ஆக்குனாலும் மலை நகராது தம்பி. அந்தக் காச அன்டனாவுக்கு போடுங்க.

பண்டாரவள டெக்: நான் மூங்கில்ல கட்டி டைபோல் (ரெண்டு கை உள்ள) அன்டனா செஞ்சேன், டிவி வயர்தான் போட்டேன், சும்மா நல்லா வேல செய்யுது.

வெலிமட பாஸ்: பிழையான வேல. டிவி வயர் 75 ஓம், செட்டு 50 ஓம். செட்டு எரியும். ஐயா சொல்லுங்க இவருக்கு.

இதுதான் எனக்கு புடிச்ச கேள்வி. பாஸ், டைபோல் ஆகாயத்துல நின்னா அதோட சொந்தக் கணக்கே 73 ஓம் கிட்ட, அப்ப டிவி வயருக்கும் அன்டனாவுக்கும்தான் நல்ல பொருத்தம். செட்டுப் பக்கம் எஸ்டபிள்யூஆர் (பொருத்தம் எவ்வளவு சரினு காட்டுற அளவு) 1.5 கிட்ட வரும், திரும்பி வர்றது நூத்துக்கு நாலு. அதுக்கெல்லாம் செட்டு எரியாது.

வெலிமட பாஸ்: புத்தகத்துல 50னுதானே இருக்கு. நான் இருவது வருசமா 50தான் போடுறேன்.

போடுங்க பாஸ், நல்லதுதான். ஆனா எரியும்னு பயம் காட்டாதீங்க.

பண்டாரவள டெக்: பாத்தீங்களா!

இருங்க, உங்களுக்கும் இருக்கு. இப்ப வர்ற டிவி வயர்ல மேல் வல அலுமினியம், ஈயம் புடிக்காது. சும்மா முறுக்கி விட்டிருப்பீங்க, மழ தண்ணி எறங்கி ரெண்டு மாசத்துல பச்சையும் வெள்ளையுமா பூத்துடும். எஃப் கனெக்டர் (டிவி வயர் முனைக்கு போடுறது) கிரிம்ப் பண்ணி அடாப்டர் போடுங்க. அந்த டைபோல் படுத்திருக்கா நிக்கிதா?

பண்டாரவள டெக்: படுத்து. ரெண்டு மரத்துக்கு நடுவுல.

நெனச்சேன். வண்டி அன்டனா நேரா நிக்குது, உங்களோடது படுத்திருக்கு, அதுலயே பெரும்பகுதி சிக்னல் போயிடும். நிமுத்தி கட்டுங்க, ஒவ்வொரு கையும் 2.63 மீட்டர், வயர் நடுவுல இருந்து பக்கவாட்டுல கொஞ்சத் தூரம் போய்ட்டுத்தான் எறங்கணும்.

வெலிமட பாஸ்: அதத்தான் நானும் சொல்ல வந்தேன்.

நீங்க சொன்னது 75 ஓம் பாஸ்.

மஸ்கெலிய: பாஃபெங்ல 27 ப்ரோக்ராம் பண்ண ஏலுமா?

மேல பாருங்க.

கொஸ்லந்த தங்கச்சி: அண்ணே, போன வருசம், 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப லயத்துல (தோட்டத்து லைன் வீட்ல) இருந்து யாருகிட்டயும் பேச முடியல, டவர் செத்துப்போச்சு. 2014 மீரியபெத்த மண்சரிவும் எங்களுக்கு மறக்கல. தோட்டத்துல ரெண்டு சிபி வச்சா உதவுமா?

தங்கச்சி, ஒன்னு வச்சா உதவாது, ரெண்டு வச்சா யோசிக்கலாம். லயத்துல ஒன்னு, மேட்டுல கோயில்லயோ ஃபெக்டரியிலயோ ஒன்னு, ரெண்டும் ஒன்னையொன்னு பாக்குற மாதிரி, கார் பேட்டரியில, வாரத்துக்கு ஒருக்கா பேசி பாத்துக்கிட்டு. ஆனா தனி ஆளா வாங்கி ஒளிச்சி வைக்காதீங்க, தோட்ட நிர்வாகத்தோட பேசி அவங்க பேர்ல லைசன்ஸ் கேளுங்க, அவங்க கேட்டா விஎச்எஃப் (சிபிய விட உயர்ந்த அலைவரிசை) செட்டே கெடைக்கலாம், அது சிபிய விட நல்லது. ஆர்வமா இருக்கிற புள்ளைங்க இருந்தா அமெச்சூர் பரீட்சைக்கு அனுப்புங்க. 2004 சுனாமிக்கு அம்பாந்தோட்டைக்கு போய் செய்தி அனுப்பி குடுத்தது நம்ம நாட்டு அமெச்சூர் ஆக்கள்தான். இடி நேரம் அன்டனா வயர கழட்டி ஜன்னலுக்கு வெளிய போடுங்க, ஐப்பசி கார்த்திகைல கட்டாயம்.

கண்டி: என்கிட்ட 23 சேனல் செட்டு இருக்கு, மிச்ச 17 எங்க?

1977க்கு முந்தினது. அந்த வருசந்தான் அமெரிக்காவுல 40 ஆக்குனாங்க.

ஹட்டன் லொறிக்காரர்: அண்ணே, வயர் குடுத்துட்டேன், லைட் எரியுது! அன்டனா இன்னும் வாங்கல, சும்மா ஒருக்கா பட்டன அமுக்கி பாக்கவா?

அடே தம்பி, கைய எடு!