ஐந்து ஷில்லிங்கும் ஆறு பென்ஸும்

கேள்வி: அமெரிக்காவில் இப்போது நடப்பது ஜனநாயகமே இல்லை. நாலு பணக்காரர்களும் நாலு பெரிய படிப்புக்காரர்களும் சேர்ந்து ஆளும் சாம்ராஜ்யம் என்கிறேன் நான். நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் மருமகன், "மாமா, ஜனாதிபதியையே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிற நாட்டைப் போய் சாம்ராஜ்யம் என்கிறீர்களே" என்கிறார். குடும்ப வாட்ஸாப் குழுவில் மூன்று நாளாக இரண்டு பேரும் குட்மார்னிங்கூடப் போடவில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: "இப்போது" என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முன்பு நன்றாக இருந்து இப்போது கெட்டுப்போன மாதிரி அர்த்தம் வருகிறது. முன்பு என்றால் எப்போது? அவர்களுடைய அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்த 1789-இலா? அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் சொத்து வைத்திருந்த வெள்ளைக்கார ஆண்கள். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு 1913-இல்தான் வந்தது. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு 1920-இல். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுச்சாவடிக்குப் போகவே 1965-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நீங்கள் நினைத்து ஏங்கும் அந்தப் பொற்காலத்தைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினால் நானும் கூடச் சேர்ந்து ஏங்குகிறேன்.

சரி, அமெரிக்கா ஓடிப் போய்விடாது. முதலில் ஒரு பஸ் பிடித்துப் பாரிமுனைக்கு வாருங்கள். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், பழைய சட்டக் கல்லூரிப் பக்கம், உச்சியில் கூம்பு வைத்த ஒரு கல்லறை நிற்கிறது. கறுப்புக் கோட்டும் கையில் கட்டுமாக ஓடுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வண்டி நிறுத்த இடம் வேண்டும், இதை வேறு எங்காவது மாற்றுங்கள் என்று அதே கோர்ட்டில் வழக்கு நடந்ததுண்டு. உள்ளே இருப்பவர்களில் ஒருவன் டேவிட் என்கிற சின்னப் பையன். 1688-இல் இறந்தான். அவனுடைய அப்பா எலிஹு யேல். அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர்.

இந்த யேல் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டே சொந்த வியாபாரத்தையும் அமோகமாகப் பார்த்தார். அது சம்பந்தமான குற்றச்சாட்டுகளில் 1692-இல் பதவி போயிற்று, பணம் போகவில்லை. 1718-இல், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் காசில்லாமல் திண்டாடிய ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ராஜா ஜார்ஜின் படம் ஒன்று, 9 பொதி சரக்கு அனுப்பிவைத்தார். சரக்கை விற்றதில் 562 பவுன் சொச்சம் கிடைத்தது. நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். 1989 முதல் 2009 வரை இருபது வருடம் வெள்ளை மாளிகையில் குடியிருந்த அப்பா புஷ், கிளின்டன், மகன் புஷ் மூன்று பேருமே அங்கே படித்தவர்கள். இன்றைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் ஒன்பது நீதிபதிகளில் நாலு பேர் யேல் சட்டப் படிப்பு, நாலு பேர் ஹார்வர்ட். மிச்சம் ஒரே ஒருவர்தான் வேறு இடம். ஆக, உங்கள் "பெரிய படிப்பு" புகாரில் மதராஸ் காசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆனால் உங்களைப் பாரிமுனைக்கு இழுத்து வந்தது இதற்காக மட்டும் இல்லை. அந்தப் பையன் இறந்த அதே 1688-இல், அதே யேல் கவர்னராக இருக்கும்போது, செப்டம்பர் 29-ஆம் தேதி மதராஸ் நகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், அவருக்குக் கீழே ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்கள் 12 பேர், இன்னும் 60 பேர் கொண்ட சபை. உள்ளூர் ஆட்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். துணி வாங்கி விற்க வந்த கம்பெனிக்கு ஊர்ச்சபை எதற்கு? லண்டனிலிருந்து வந்த கடிதம் மறைக்காமல் சொல்லிவிட்டது. நம்முடைய அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் பிடுங்குவதைவிட, தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டால் ஜனங்கள் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாகவே கொடுப்பார்கள் என்பது அதன் சாரம். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். கணக்குப் போட்டால் பத்து மடங்கு. எத்தனையோ ஆட்சியாளர்கள் மனசுக்குள் வைத்திருந்ததை அந்த வியாபாரிகள் பேரேட்டுக் கணக்காகவே எழுதிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜனநாயகம் சாம்ராஜ்யமாக மாறிவிட்டதா என்கிறீர்கள். மாறுவதற்கு அவை இரண்டும் வேறு வேறு வீடாக இருந்தால்தானே? ஒரே வீட்டின் வாசலும் கொல்லையும் அவை. உங்கள் மருமகன் வாசலில் நிற்கிறார், கோலம் அழகாகத்தான் தெரியும். 1898-இல் அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் பிலிப்பைன்ஸையும் எடுத்துக்கொண்டது. பிலிப்பைன்ஸ் 1946-இல் சுதந்திரம் வாங்கிவிட்டது. போர்ட்டோ ரிக்கோ இன்னும் கொல்லையில்தான். முப்பது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள், 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அந்தத் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டில்லை. அதே ஆள் விமானம் ஏறி ஃபுளோரிடாவில் குடியேறினால் ஓட்டு வந்துவிடும்! நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில், பிரிட்டன் வசம் இருந்த டீகோ கார்சியா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த மக்களை 1973-க்குள் பிரிட்டன் மொத்தமாக வெளியேற்றியது. எந்த ஓட்டுச்சீட்டில் அது கேள்வியாக இருந்தது?

போரும் அப்படித்தான். அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது கடைசியாக 1942-இல். கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அதற்கு அப்புறம் நடந்தவை. 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் முடிந்த மூன்றாம் நாள், படையை ஏவ ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தது. இரண்டு சபையிலும் சேர்த்து எதிர்த்து விழுந்த ஓட்டு ஒன்றே ஒன்று. போட்டவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அந்த ஒரு தீர்மானத்தைக் காட்டி அப்புறம் வந்த ஜனாதிபதிகளும் பல நாடுகளில் குண்டு போட்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம். பார்பரா லீ அடுத்தடுத்த தேர்தல்களிலும் ஜெயித்து இருபது வருடத்துக்கும் மேல் சபையில் இருந்தார். நம் எம்.பி. ஒருவர் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறித் தனியாக ஓட்டுப் போட்டால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே பறிபோகலாம். சாம்ராஜ்யம் என்று சொல்கிறீர்களே, அங்கே ஒற்றை ஆள் எழுந்து நிற்க இடம் இருந்தது. இதை மருமகன் கணக்கில் வரவு வைக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், கம்பெனிகள் தேர்தலில் தனியாகச் செலவழிப்பதற்கு இருந்த தடையை எடுத்துவிட்டது. 2024-இல் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். உங்கள் பக்கம் வலுவான சாட்சி இது. அப்படியானால் பணம் இருப்பவன்தான் எப்போதும் ஜெயிக்கிறானா என்றால் அதுவும் இல்லை. 2016-இல் மகன் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ்ஷை ஜனாதிபதி வேட்பாளராக்க ஆதரவாளர்கள் திரட்டியது 10 கோடி டாலருக்கு மேல்; ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனார். அதே வருடம் டிரம்பைவிட அதிகமாகச் செலவழித்த ஹிலாரி தோற்றார். என் பார்வையில், பணம் ஜெயிப்பவரை முடிவு செய்வதைவிட நிற்பவரை முடிவு செய்கிறது. பந்தியில் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். சமையல் பட்டியலை நீங்கள் போடவில்லை.

2014-இல் கிலென்ஸ், பேஜ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1,779 கொள்கை விஷயங்களை அலசி, சாதாரண ஜனங்களின் விருப்பத்துக்குத் தனியாக ஒரு பலமும் இல்லை என்றார்கள். இதை மருமகனுக்கு அனுப்பத் துடிப்பீர்கள். அனுப்புமுன், பெரும்பாலான விஷயங்களில் பணக்காரர் விருப்பமும் நடுத்தர வர்க்க விருப்பமும் ஒன்றாகவே இருக்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்ததையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைத்தான் திருப்பி அடிப்பார்.

எனக்கு உங்கள்மேல் இருக்கும் வருத்தம் வேறு. நியூ ஜெர்ஸி ஜனநாயகத்துக்காக மூன்று நாள் மௌன விரதம் இருக்கிறீர்கள். இந்தச் சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை, இருபத்து மூன்று வருடம், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. மறுபடியும் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை அதே கதை. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர் கிடையாது. வரி மட்டும் ஒழுங்காகக் கட்டினோம். ஐந்து ஷில்லிங் கொடுக்க வைக்க சபை வேண்டும் என்று நினைத்த அந்தக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் அசந்து போயிருப்பான்: சபையே இல்லாமல் கொடுக்கிறார்களே! அதற்காக உங்கள் வீட்டில் யாராவது ஒருநாள் பேச்சை நிறுத்தினார்களா?

தீர்ப்பு கேட்டீர்கள். மருமகன் சொல்வது போல ஜனாதிபதியை அனுப்பலாம். ஆயுளுக்கும் உட்காரும் ஒன்பது நீதிபதிகளை, பட்டியல் போடும் பணக்காரர்களை, டீகோ கார்சியாவில் இருக்கும் தளத்தை எந்த ஓட்டாலும் நேரடியாக அனுப்ப முடியாது. அதில் நீங்கள் சரி. "இப்போது" என்ற சொல்லை எடுத்துவிட்டால் இன்னும் சரி.

அடுத்த முறை உயர் நீதிமன்றப் பக்கம் போனால் அந்தக் கல்லறையைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்புங்கள், பேச்சு தானாக ஆரம்பிக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே விடியற்காலை மூன்று, நாலு மணி இருக்கும்.